இரண்டு லென்த்திலேயே மூச்சு வாங்குகிறதா? களைப்பு எங்கே தெரிகிறது என்று முதலில் பாருங்கள்

கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார். ஒரு கோடை விடுமுறை முடிவதற்குள் குடுக்கை இல்லாமல் மோட்டார் ரூம் மேலிருந்து குதிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். காலையில் இறங்கினால் கண் சிவந்து, விரல் நுனி சுருங்கி, அம்மா குச்சியோடு வரும்வரை தண்ணீர்தான். அப்படிப்பட்டவன் முப்பத்தெட்டு வயதில் சென்னையில் ஒரு 25 மீட்டர் நீச்சல் குளத்தில் இறங்கினேன். ஒரு லென்த், அதாவது இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை, போய்த் திரும்பி வருவதற்குள் லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது.

'வயசாயிடுச்சு, தம் பத்தலை' என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, இரண்டு மாதம் காலையில் ஓடினேன். ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிந்தது. திரும்பக் குளத்துக்குப் போனேன். அதே ஐம்பது மீட்டர், அதே கயிறு.

விஷயம் அப்புறம்தான் புரிந்தது. எங்கள் கிணறு குறுக்கே பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் இருக்கும். பத்து வீச்சு போட்டால் எதிர்ப்பக்கப் படிக்கல் கைக்கு வந்துவிடும். பிடித்துக்கொண்டு அரட்டை, மறுபடி பத்து வீச்சு. தலையைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை உதறி அடிக்கிற நீச்சல் அந்தத் தூரத்துக்குத் தாங்கும். இருபத்தைந்து மீட்டரில் சாயம் வெளுத்துவிடும்.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஓடும்போது கையைக் கோணலாக வீசினால் கொஞ்சம் கூடுதலாக வியர்க்கும், அவ்வளவுதான். தண்ணீரில் அதே கோணலுக்கு உடனே விலை கொடுக்க வேண்டும். அதனால் 'ஸ்டாமினா இல்லை' என்பதை முதல் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மற்றதையெல்லாம் பார்த்துக் கழித்த பிறகு மிச்சம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். கீழே உள்ளவை பெரும்பாலும் ஃப்ரீஸ்டைலுக்கானவை, அதாவது குப்புறப் படுத்துக் கைகளை மாறி மாறி வீசும் நீச்சலுக்கானவை. உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம், ஆனால் அடுத்து வரும் இரண்டு பகுதிகளைத் தாண்டிவிட்டுப் போக வேண்டாம்.

குளத்தை விட்டு ஏற வேண்டிய அறிகுறிகள்

இவை திருத்தக்கூடிய பிழைகள் இல்லை. நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, கண் இருட்டுவது, இதயம் தாறுமாறாகத் துடிப்பது, சுவரைப் பிடித்து நின்று ஐந்து நிமிடம் ஆகியும் மூச்சு அடங்காமல் இருப்பது, இருமினால் நுரையோ ரத்தம் கலந்த சளியோ வருவது. இதில் எது வந்தாலும் ஏறிவிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலியோ நுரைச் சளியோ வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளக்கூடாது.

நீந்தும்போது ஒரு தடவை மயங்கியிருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, இ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் காட்டாமல் மறுபடி இறங்க வேண்டாம். இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே வரும் ஒரு கோளாறு உண்டு. அதில் ஒரு வகைக்கு நீச்சலே தூண்டுதலாக அமைந்துவிடுகிறது.

இன்னொன்று. மாடிப்படி ஏறினாலும் இளைக்கிறது, காய்கறிப் பையைத் தூக்கினாலும் அசதி என்றால், குளத்தில் தேடிப் பயனில்லை. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். பெண்கள் இதைக் கட்டாயம் பார்ப்பது நல்லது. பழுதில்லாத கை வீச்சைத் திருத்திக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டு, கடைசியில் இரும்புச்சத்து மாத்திரையில் சரியானவர்களை எனக்குத் தெரியும்.

பத்து நிமிடச் சோதனை

புல் பாய் என்று ஒரு சாமான் இருக்கிறது. பெயரைக் கேட்டுக் கோரைப்பாயை நினைக்க வேண்டாம். எட்டு வடிவத்தில் இருக்கும் ஒரு நுரைக்கட்டை. தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டால் இடுப்பையும் காலையும் அதுவே தூக்கிப் பிடிக்கும். பெரும்பாலான குளங்களில் ஓரமாகக் குவித்து வைத்திருப்பார்கள்.

முதலில் அது இல்லாமல் உங்கள் வழக்கப்படி நீந்துங்கள். எத்தனை மீட்டரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். நன்றாக ஓய்வெடுத்துவிட்டு, கட்டையை இடுக்கி, காலை அடிக்காமல் கையால் மட்டும் நீந்துங்கள்.

கட்டையோடு திடீரென்று இரண்டு மடங்கு தூரம் போக முடிகிறதா? அப்படியானால் உங்கள் பலத்தையெல்லாம் கால் தின்கிறது. கட்டை இருந்தும் அதே இடத்தில் மூச்சு முட்டுகிறதா? மூச்சைப் பாருங்கள். மூச்சு பரவாயில்லை, தோள் எரிகிறது என்றால் கை இழுக்கும் விதம் தவறு. இதைச் செய்யாமல் யூடியூபில் வீடியோ தேட ஆரம்பித்தால், இருபது வீடியோவில் இருபது குறைகள் சொல்வார்கள். எல்லாமே உங்களுக்கு இருக்கிற மாதிரித் தோன்றும்.

அறிகுறி: கை கால் நன்றாக இருக்கிறது, 15–20 மீட்டரில் மூச்சு முட்டுகிறது. நின்றால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இங்கேதான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. நானும் இங்கேதான் இருந்தேன். கண்டுபிடித்துச் சொன்னது கோச் இல்லை. பக்கத்து லேனில் பயிற்சிக்கு வந்த ஒரு சின்னப் பெண். காகிள்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் என்னை வேடிக்கை பார்த்திருக்கிறாள். 'அங்கிள், உங்களுக்குக் குமிழியே வரலையே' என்றாள்.

அவ்வளவுதான் கோளாறு. முகம் தண்ணீருக்குள் போனதும் என் தொண்டை தானாகவே பூட்டிக்கொண்டது. கிணற்றுப் பழக்கம். தலை வெளியே வந்ததும் பழைய காற்றை வெளியே தள்ளிப் புதுக் காற்றையும் இழுக்க வேண்டும். தலையைத் திருப்பி வைத்திருக்கும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு வேலையும் நடக்காது. பழைய காற்று பாதி உள்ளேயே தங்கிவிடும். அதன் மேல் கொஞ்சம் புதுக் காற்று. நாலு மூச்சில் நெஞ்சு நிறைந்த மாதிரியும் இருக்கும், மூச்சுத் திணறுகிற மாதிரியும் இருக்கும்.

'காற்று வேண்டும்' என்று உடம்பு பதறுவதற்கு முக்கியக் காரணம் ஆக்சிஜன் குறைவது இல்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. அதனால் இன்னும் பெரிதாக மூச்சை இழுப்பது இதற்கு மருந்தாகாது. விட வேண்டும். விட்டால் இழுப்பது தானாக நடக்கும்.

சரி செய்யும் முறை. மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். முகத்தை உள்ளே வைத்து 'ம்ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகினால் மூக்கு வழியாகக் காற்று போயே ஆக வேண்டும், பூட்ட முடியாது. மனதுக்குள் மூன்று, நாலு எண்ணும்வரை முனகல், கடைசியில் வாயால் ஒரு 'ஃபூ', உடனே தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் ஒரு மிடறு காற்று, மறுபடி முகம் உள்ளே. ஒரு மிடறு போதும், டம்ளர் நிறைய வேண்டாம். இப்படி நிறுத்தாமல் இருபது தடவை செய்யுங்கள். இருபதாவது தடவையும் முதல் தடவை போலவே நிதானமாக இருந்தால் தேறிவிட்டீர்கள். எட்டாவதிலேயே திணறினால், நின்ற இடத்தில் வராத மூச்சு நீந்தும்போது வரவே வராது. கை வீச்சை நினைக்காமல் இதையே இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். குளத்தில் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

அடுத்து, அதையே நடந்துகொண்டு, அப்புறம் கிக் போர்டை (கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) பிடித்துக்கொண்டு, அப்புறம் நீந்திக்கொண்டு செய்யுங்கள். காற்றை விடுவது ஒரே சீராக இருக்கட்டும். முகம் போட்டதும் மொத்தத்தையும் 'புஸ்' என்று விட்டுவிட்டு, மிச்ச நேரம் காலி நெஞ்சோடு தவிப்பவர்களும் உண்டு. அதுவும் களைப்பைத்தான் தரும்.

எத்தனை வீச்சுக்கு ஒரு மூச்சு? மூன்றுக்கு ஒன்று, அதாவது இடம், வலம் மாறி மாறி எடுக்க வேண்டும் என்று சில கோச்சுகள் முதல் நாளே கட்டாயப்படுத்துவார்கள். கைகள் இரண்டும் ஒரே சீராக வர அது நல்லதுதான். ஆனால் திணறிக்கொண்டிருப்பவருக்கு அது தண்டனை. இரண்டு வீச்சுக்கு ஒரு மூச்சு, வசதியான பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் போட்டிகளில் 1500 மீட்டர் நீந்துகிறவர்களிலேயே பலர் இரண்டுக்கு ஒன்றுதான் எடுக்கிறார்கள். நமக்கு என்ன அவசரம்?

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். தம் வளர்க்கிறேன் என்று சிலர் வேகவேகமாகப் பத்து மூச்சு இழுத்துவிட்டுவிட்டு, தண்ணீருக்கடியில் ஒரு லென்த் போவார்கள். வேகமூச்சு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடுகிறது. பதற்றம் வர வேண்டிய நேரத்தில் வராது, ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே போகும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்கடியில் மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படிச் செத்திருக்கிறார்கள். களைப்புக்கு இது மருந்தும் இல்லை.

அறிகுறி: மூச்சு எடுக்கும்போது தண்ணீர் வாய்க்குள் போகிறது, பிடரி வலிக்கிறது

தலையைப் பக்கவாட்டில் திருப்பாமல் மேலே தூக்குகிறீர்கள். நெஞ்சுக்குள் காற்று இருப்பதால் மேல் உடம்பு மிதக்கும், கால் பக்கம் கனமாக இருக்கும். தராசு மாதிரிதான். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். இடுப்பு இறங்கினால் நீங்கள் நீந்துவது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இல்லை, தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டு. களைக்காமல் என்ன செய்யும்?

காகிள்ஸின் ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். கன்னம் தண்ணீர்த் தலையணையில் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்வை பக்கத்துச் சுவரில் இருக்க வேண்டும், கூரையிலோ எதிர்ச் சுவரிலோ இல்லை. உடம்பு முன்னே போகும்போது தலையை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் உண்டாகும். வாய்க்கு அந்தப் பள்ளமே போதும், ஆனால் அதை நம்புவதற்குச் சில நாள் ஆகும். மூச்சு எடுக்காத நேரத்தில் குளத்தின் அடித்தரையைப் பாருங்கள். எதிர்ச் சுவர் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போகிற பழக்கம் கிணற்று ஆட்களுக்கு நிச்சயம் இருக்கும். அடித்தரையில் கோடு போட்டிருப்பார்கள், அது குறுக்குக் கோடாக முடிந்தால் சுவர் பக்கத்தில் வந்துவிட்டது.

அறிகுறி: தொடை எரிகிறது, கால் கல்லாகிறது

புல் பாய் சோதனையில் கட்டையோடு கூடுதல் தூரம் போனவர்கள் இங்கே வாருங்கள். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவற்றை முடுக்கிவிட்டால் ரத்தமும் ஆக்சிஜனும் அங்கேதான் போய்க் கொட்டும். அவ்வளவு செலவழித்தும், நம்மைப் போன்றவர்களுக்குக் காலால் கிடைக்கும் முன்னேற்றம் சொற்பம். மெதுவான, நீண்ட நீச்சலில் காலின் வேலை உடம்பை மட்டமாக வைப்பதும், உருள்வதற்குத் துணை செய்வதும்தான்.

ஏன் இப்படி ஆவேசமாக அடிக்கிறோம்? கால் தாழ்வதால். கால் ஏன் தாழ்கிறது? பெரும்பாலும் தலை தூக்கியிருப்பதால். அதனால் முதலில் மேலே சொன்ன தலை விஷயத்தைத் திருத்துங்கள். பாதிப் பேருக்குக் கால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மிச்சப் பேருக்கு இன்னொரு சோதனை. கிக் போர்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்து 25 மீட்டர் போய்ப் பாருங்கள். ஓட்டக்காரர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்களில் சிலர் இதைச் செய்யும்போது நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சிலர் பின்னால்கூடப் போவார்கள். சிரிக்காதீர்கள், நான் போயிருக்கிறேன். கணுக்கால் விறைத்துப் போயிருப்பதுதான் காரணம். பாதம் பின்னால் நீளாமல் கொக்கி மாதிரி மடங்கியே இருந்தால், ஒவ்வொரு அடியும் தண்ணீரை முன்பக்கம் தள்ளும். நம் காலே நமக்கு பிரேக் போடும்.

கணுக்காலுக்கு வஜ்ராசனம் நல்லது. குதிகால் மேல் உட்காரும்போது பாதத்தின் மேல்பக்கம் தரையில் படிந்து நீளும், நமக்கு வேண்டிய திசை அதுதான். டி.வி. பார்க்கும்போது இரண்டு மூன்று நிமிடம் உட்காருங்கள். மூட்டு வலி இருந்தால் வேண்டாம். குத்தவைத்து உட்காருவது வேறு வகையில் நல்லதே தவிர, அது கணுக்காலை எதிர்த்திசையில் மடக்குகிறது. இதற்கு உதவாது.

கிக் அடிக்கும்போது முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிக்காதீர்கள். அசைவு இடுப்பில் தொடங்கட்டும், முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும், குதிகால் மட்டும் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டுப் போகட்டும். ஒரு பக்கெட்டுக்குள் காலை விட்டு ஆட்டுகிற அளவுக்கு மேல் அகலம் வேண்டாம். அப்புறம் வேகத்தைக் குறையுங்கள். ஒரு கை வீச்சுக்கு ஒரு கிக் என்று வைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் 'நான் அடிக்கவே இல்லையே, மூழ்கிவிடுவேனே' என்று தோன்றும். மூழ்க மாட்டீர்கள்.

கெண்டைக்காலில் குரக்கு பிடித்தால் சுவருக்கு வந்து, பாதத்தைச் சுவரில் ஊன்றி, குதிகாலைக் கீழே அழுத்தி நீட்டுங்கள். பாதத்தை நீட்டி வைக்கிறேன் என்று பரதநாட்டியக்காரர் மாதிரி விறைப்பாக வைத்திருந்தால் அடிக்கடி பிடிக்கும். தளர்வாக விடுங்கள்.

அறிகுறி: தோளும் முன்கையும் ஓய்ந்துவிடுகின்றன

ஒரு லென்த்துக்கு எத்தனை வீச்சு என்று எண்ணுங்கள். வலது ஒன்று, இடது இரண்டு என்று எண்ண வேண்டும். 25 மீட்டருக்கு முப்பதைத் தாண்டினால் கை தண்ணீரில் வழுக்குகிறது என்று அர்த்தம். எனக்கு முதலில் 34 வந்தது. இப்போது 22, 23. உயரம், கை நீளத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும், அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

பொதுவான தவறு, நீட்டிய கையை அப்படியே கீழே அழுத்துவது. அழுத்தினால் நெஞ்சு மேலே எழும்பும், கால் கீழே போகும், முன்னே போக மாட்டோம். தோளுக்குத்தான் சுமை. கிணற்றில் எட்டிப் படிக்கல்லைப் பிடித்து உடம்பை அதன் பக்கம் இழுப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கல் நகராது, நாம்தான் நகர்வோம். முழங்கை மடங்கி மேலேயே நிற்கட்டும், உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரு துடுப்பு மாதிரித் தண்ணீரைப் பின்னால் தள்ளட்டும். இது பிடிபட, விரலை மூடி முஷ்டியாக வைத்துக்கொண்டு ஒரு லென்த் நீந்துங்கள். உள்ளங்கை இல்லாததால் முன்கை தானாக வேலைக்கு வரும். அடுத்த லென்த்தில் கையை விரித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கை தண்ணீருக்குள் நுழைவது தோளுக்கு நேராக இருக்க வேண்டும். தலைக்கு முன்னால் குறுக்கே போனால் உடம்பு பாம்பு மாதிரி நெளியும். கை தண்ணீருக்கு வெளியே வரும் நேரம்தான் அதற்கு ஓய்வு நேரம். அப்போதும் விறைப்பாக வைத்திருப்பவர்கள் சீக்கிரம் ஓய்வார்கள். உடம்பைப் பலகை மாதிரித் தட்டையாக வைக்காமல் ஒவ்வொரு வீச்சுக்கும் பக்கவாட்டில் கொஞ்சம் உருண்டால் தோள் மட்டும் பாடுபட வேண்டியதில்லை, முதுகும் பங்கெடுக்கும்.

அசதி வேறு, வலி வேறு. வீட்டில் சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலும் தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினால் நீச்சலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அந்த நிலையில் உள்ளங்கையில் பேடில் என்ற துடுப்புத் தகட்டை மாட்டிக்கொண்டு 'பலம் ஏற்றுவது' தோளைக் கெடுக்கும் வேலை.

அறிகுறி: முதல் ஐம்பது மீட்டர் ராஜா மாதிரி, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை

வேகம்தான் காரணம். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதற்கு ஈடாக உடம்பு தர வேண்டிய சக்தி ஏறக்குறைய வேகத்தின் கன மடங்காக ஏறும். அதாவது பத்து சதவீதம் வேகம் கூட்டினால் சுமார் 33 சதவீதம் கூடுதல் சக்தி. இருபது சதவீதம் கூட்டினால் 70 சதவீதத்துக்கு மேல். பக்கத்து லேன் பையனை முந்த நினைத்த அந்தப் பத்து நொடிக்கு இவ்வளவு செலவு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு லென்த்தின் நேரத்தையும் குறியுங்கள். முதல் லென்த் 24 நொடி, நாலாவது 38 நொடி என்று வந்தால், முதல் லென்த்தை 32 நொடிக்கு இழுங்கள். கூச்சப்படும் அளவுக்கு மெதுவாகத் தோன்ற வேண்டும். நாலு லென்த்தும் இரண்டு மூன்று நொடிக்குள் ஒத்து வரும்வரை வேகத்தைத் தொடவே வேண்டாம். சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். 'இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி இல்ல?' அது போதும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

அறிகுறி: ஆழமில்லாத பக்கம் நன்றாக இருக்கிறது, ஆழமான பக்கம் வந்ததும் களைக்கிறது

இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. 'பதினெட்டு மீட்டரில் எனக்கு எப்பவும் மூச்சு வாங்கும்' என்பார்கள். அந்தப் பதினெட்டாவது மீட்டரில்தான் தரை சரிந்து ஆழம் தொடங்கும். இது பயம். பயத்தில் தோள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும், கை வேகமெடுக்கும், சுவரைத் துரத்த ஆரம்பிப்போம். நடப்பதெல்லாம் உண்மையான களைப்புதான், கற்பனை இல்லை.

சோதனை எளிது. அதே தூரத்தை ஆழமில்லாத பக்கத்தில், தரை கால் எட்டும் இடத்தில் குறுக்கே போய் வந்து நீந்துங்கள். அங்கே 50 மீட்டர் சுலபமாகப் போனால் காரணம் தெரிந்துவிட்டது. இதற்குக் கை கால் பயிற்சி உதவாது. மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். களைத்தால் புரண்டு மல்லாந்துவிடலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே மூச்சு விடலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். லைஃப் கார்டு இருக்கும்போது, சுவருக்குப் பக்கத்து லேனில், ஆழமான பக்கத்தில் நின்ற இடத்திலேயே காலை மிதித்து மிதந்து பழகுங்கள். முதல் நாள் அரை நிமிடம். நாளாக ஆக இரண்டு நிமிடம். என் நண்பர் ஒருவர் இதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அதற்கு முன் ஒரு வருடமாக அவர் 'ஸ்டாமினா' தேடிக்கொண்டிருந்தார்.

சின்னச் சின்னக் காரணங்கள்

பை வைத்த காட்டன் டிராயர், தொளதொள டி-ஷர்ட். இரண்டும் தண்ணீரைச் சுமந்துகொண்டு பின்னால் இழுக்கும். உடம்பை ஒட்டிய நைலான் உடைக்கு மாறினால் அன்றைக்கே தெரியும்.

வெயில். போட்டிக் குளங்களில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதம் நம் ஊர் மொட்டை வெயில் குளம் மதியத்துக்கு மேல் முப்பதைத் தாண்டிக் குளிப்பாட்டும் வெந்நீராகிவிடும். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், நமக்குத்தான் தெரியாது. காலை ஆறு மணி பேட்சுக்கு மாறுங்கள், கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் வையுங்கள்.

வயிறு. நாலு இட்லி, வடை, சாம்பாரோடு போய் இறங்கினால் மூச்சு விட இடமிருக்காது. காலிப் பட்டினியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து இறங்குவது எனக்குச் சரியாக இருக்கிறது.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (தவளை மாதிரி நீந்துவது) களைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: கையும் காலும் ஒரே நேரத்தில் அடிக்கிறீர்கள். கையால் இழு, மூச்சு எடு, காலால் உதை, அப்புறம் நீட்டிக்கொண்டு சும்மா வழுக்கு. அந்தக் கடைசி 'சும்மா'வைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

கடலில் மட்டும் களைக்கிறது என்றால், அங்கே 25 மீட்டருக்கு ஒரு சுவர் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சுவரை உதைத்து வழுக்கும் நாலைந்து மீட்டர் குளத்தில் ஒவ்வொரு லென்த்திலும் இலவசம். உப்புத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக மிதக்க வைத்தாலும் அலையும் இழுப்பும் அதைச் சாப்பிட்டுவிடும். இலங்கையின் வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் உள்ள பாக் நீரிணையைப் போக வர 51 மணி நேரத்தில் கடந்தார். இரண்டு ராத்திரிக்கு மேல் ஓயாமல் போகும் அப்படிப்பட்ட நீச்சலை முதல் ஐம்பது மீட்டரில் ராஜாவாகிறவர் நினைத்தும் பார்க்க முடியாது. கரையோரத்தில் பழகுவதாக இருந்தால் தனியாக வேண்டாம். மெரினா பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே இழுப்பு பொல்லாதது.

எல்லாம் திருத்தியாகிவிட்டது, ஆனாலும் நூறு மீட்டருக்கு மேல் போகவில்லை

மூச்சு சீராக இருக்கிறது, கால் மிதக்கிறது, வீச்சு எண்ணிக்கை குறைந்துவிட்டது, பயமும் இல்லை. சரி, இப்போது 'தம் பத்தலை' என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு வழி, நிற்காமல் நீந்திச் சாவது இல்லை, நின்று நின்று நீந்துவது.

எட்டு தடவை 25 மீட்டர், நடுவில் முப்பது நொடி ஓய்வு. எட்டாவது லென்த்தும் முதல் லென்த் போலவே அழகாக இருந்தால் ஓய்வை இருபது நொடியாக்குங்கள், அப்புறம் பத்து. அதற்குப் பின் நாலு தடவை 50 மீட்டர், மறுபடி முப்பது நொடியிலிருந்து. அப்புறம் இரண்டு தடவை நூறு. எந்த லென்த்தில் வீச்சு எண்ணிக்கை மூன்று நாலு கூடுகிறதோ அன்றைக்கு அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீந்தினால் தவறான நீச்சலைத்தான் பழகுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஒன்றரை மணி நேரம் போராடுவதைவிட, வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் வருகிறவர் முந்திவிடுவார்.

எனக்கு மூச்சு பிடிபட இரண்டு வாரம், தலை சரியாக இன்னும் இரண்டு. பதினோராவது வாரம் ஒரு வியாழக்கிழமை 400 மீட்டர் நிற்காமல் நீந்தினேன், கடைசி லென்த் 34 நொடி. ஓடப் போவதை அதற்கு ஒரு மாதம் முன்பே விட்டிருந்தேன்.